பழைய டிரெய்லருக்குப் புது விளக்கு: எர்த்து ஒயரை மறக்காதீர்கள்

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரை)



சம்பா அறுவடை ஆகி மூட்டை கட்டுகிற நாட்களில் நம் திருவள்ளூர் மாவட்டத்து டிராக்டர்கள் பகலைவிட இருட்டில்தான் அதிகம் ஓடுகின்றன. பகலெல்லாம் கழனியில் வேலை. பொழுது சாய்ந்த பிறகு, இல்லையென்றால் விடிவதற்கு முன்பு, நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறோம். முதலில் போனால்தான் முதலில் எடை போடுவார்கள் என்று ஓர் எண்ணம். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்கள் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எங்கே போவதானாலும் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரமாவது போய்த்தான் ஆக வேண்டும். நாம் பழக்கத்தில் ஜி.என்.டி. ரோடு என்று சொல்கிற அந்தச் சாலையில், சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றி வருகிற லாரியும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர் வண்டியும் ராப்பகலாக ஓடுகின்றன. அந்த வண்டிகளுக்கு முன்னால் நம் டிரெய்லர் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் அசைந்து போகிறது.

பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு நம்மைத் தெரிய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நான் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன். இரண்டு ஏக்கர் கழனியும் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது கடையிலும் இல்லை, கழனியிலும் இல்லை. என் மாமன் மகனுடைய கால் உடைந்த அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அவனிடம் 20 வருஷத்துப் பழைய டிரெய்லர் ஒன்று இருந்தது. பின் விளக்கு இரண்டும் உடைந்து, ஒயரெல்லாம் எலி கடித்து, வெறும் கூடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “மச்சான், தை பிறக்கிறதுக்குள்ள இதைக் கொஞ்சம் பார்த்துக் குடு” என்றான். நானும் புது விளக்கு இரண்டு வாங்கி, புது ஒயர் இழுத்து, ஒரே சாயந்திரத்தில் மாட்டிக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டோம். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரியாகப் பத்து நாள். விடியற்காலை நாலரை மணி, நல்ல பனி. 60 மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். குறுக்கே மாடு வந்தது, பிரேக் போட்டான். பின்னால் வந்த லாரி வந்து மோதிவிட்டது. டிரெய்லர் குடை சாய்ந்து, டிராக்டரும் திரும்பி, இவனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிர் பிழைத்தது பெரிது. அந்த லாரி டிரைவர் ஓடிவிடவில்லை, நின்றான். நின்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: “லைட்டு தெரிஞ்சுதுங்க. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். திடீர்னு காணோம். வண்டி எங்கியோ உள்ள திரும்பிப் போயிடுச்சுன்னு நெனச்சேன்.” யாரும் நம்பவில்லை. தூங்கிவிட்டு இப்போது கதை விடுகிறான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அப்புறம் டிரெய்லரைத் தூக்கி நிறுத்தி, நான் போட்ட ஒயரிங்கை நானே பிரித்துப் பார்த்தேன். அந்த டிரைவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பிரேக்கை மிதித்தால் பின் விளக்கு அணைந்துபோகிற மாதிரி நான்தான் மாட்டியிருந்தேன். பிரேக்கை மிதித்தால் பிரகாசமாக எரிய வேண்டிய விளக்கு, மிதித்த உடனே இருட்டாகிவிடுகிறது.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் டிரெய்லரிலும் இதே கோளாறு இருக்கலாம்.

எர்த்து என்றவுடன் நமக்கு மோட்டார் கொட்டகை ஞாபகம் வருகிறது. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயைப் புதைத்து, தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த எர்த்து வேறு. அது நம் உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. மோட்டார் ஓடுவதற்கு அது தேவையில்லை. வண்டியில் இருக்கிற எர்த்து அப்படியில்லை. ரப்பர் டயர்மேல் நிற்கிற வண்டிக்கும் பூமிக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒயர் வழியாகப் போன மின்சாரம் பல்பில் எரிந்துவிட்டு, மறுபடியும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு வந்து சேர வேண்டும். வந்து சேரவில்லை என்றால் பல்பு எரியாது. திரும்பி வருகிற வழிக்குத் தனியாக ஒயர் போடாமல், வண்டியின் இரும்பு உடம்பையே வழியாக வைத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் பாடி எர்த்து என்கிறோம்.

டிராக்டருக்கு அது சரி. பேட்டரியும் விளக்கும் ஒரே இரும்பில் இருக்கின்றன. டிரெய்லர் தனி இரும்பு. டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்ப்பது எது? கொக்கியும் பின்னும். அந்தப் பின்னில் என்ன இருக்கிறது? துரு, மண், போன வருஷத்துக் கிரீஸ். பாரம் ஏற்றி நிற்கும்போது இரும்பும் இரும்பும் அழுந்தித் தொட்டுக்கொண்டிருக்கும், விளக்கு எரியும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரு நொடி விடும், ஒரு நொடி பிடிக்கும். விளக்கு மினுக் மினுக் என்று துடிக்கும். வாய்க்கால் வெட்டிவிட்டு வடிகாலை மறந்தவன் வேலைதான் இது.

நான் செய்த தப்பு அதைவிட மோசம். விளக்குக் கூட்டை டிரெய்லரின் பின் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். அந்தப் போல்ட்டையே எர்த்து என்று நம்பினேன். சட்டத்தில் கெட்டியாகப் பெயிண்ட். கொக்கியில் துரு. ஆக, எர்த்தே கிடையாது. அப்படியானால் விளக்கு எப்படிப் பளிச்சென்று எரிந்தது?

பின் விளக்கில் போடுகிற பல்புக்குள்ளே இரண்டு இழை இருக்கும். சின்ன இழை 5 வாட், அது பார்க்கிங் விளக்குக்கு. பெரிய இழை 21 வாட், அது பிரேக் விளக்குக்கு. இரண்டு இழைக்கும் தனித்தனி ஒயர் உள்ளே வருகிறது. ஆனால் வெளியே போகிற வழி இரண்டுக்கும் ஒன்றுதான்: பல்பின் பித்தளை உடம்பு. அந்த வெளி வழி அடைபட்டுப் போனால் மின்சாரம் என்ன செய்யும்? 5 வாட் இழை வழியாக வந்து, போக வழியில்லாமல், 21 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, பிரேக் ஒயர் வழியாகவே டிராக்டருக்குத் திரும்பிப் போய், டிராக்டர் மட்கார்டில் இருக்கிற பிரேக் பல்பு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். பெரிய இழைக்குத் தடை குறைவு. அதனால் சின்ன இழைக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் கிடைத்துவிடும். பார்க்கிறவனுக்கு விளக்கு ஒழுங்காக எரிகிற மாதிரியே தெரியும். என்னை ஏமாற்றியது அதுதான்.

இப்போது பிரேக்கை மிதியுங்கள். பிரேக் ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கமும் 12. இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எந்தப் பக்கமும் ஓடாது. சின்ன இழையும் அணைந்தது, பெரிய இழையும் எரியவில்லை. டிராக்டரில் இருக்கிற பிரேக் விளக்கு என்னவோ எரிகிறது, அதை 60 மூட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது. லாரிக்காரன் கண்ணுக்கு, இருந்த வெளிச்சம் மாயமாகிவிட்டது.

ஒரு பக்கத்து விளக்குக்கு மட்டும் எர்த்து போயிருந்தால் வேறு வேடிக்கையெல்லாம் நடக்கும். பகலில் பிரேக் போட்டால் பிரேக் விளக்குக்குப் பதிலாக இரண்டு பக்கத்துச் சின்ன விளக்கும் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் கூடவே கண் சிமிட்டும். “ஒயர் மாறிப் போச்சுங்க” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒயர் மாறியிருக்காது. பத்துக்கு எட்டு வண்டியில் எர்த்துதான். ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை டிரெய்லரின் பின்னால்வரை கொண்டுபோங்கள். விளக்கைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். ஒயரின் நுனியைப் பல்பு ஹோல்டரின் உடம்பில் தொட வையுங்கள். தொட்டவுடன் விளக்கு பிரகாசமானால் எர்த்துக் கோளாறு, சந்தேகமே வேண்டாம். தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பல்பையும் பியூசையும் வருகிற ஒயரையும் பாருங்கள். மிகப் பழைய சில டிராக்டர்களில் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு சேர்த்திருப்பார்கள். அதனால் முதலில் பேட்டரியைத் திறந்து, எந்த முனையிலிருந்து தடித்த கேபிள் பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இனி, புதிதாக மாட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

கொக்கியை நம்பக் கூடாது. டிரெய்லரிலிருந்து டிராக்டருக்கு எர்த்துக்கென்று தனி ஒயர் ஒன்று கட்டாயம் போக வேண்டும். கடையில் ஏழு முனை பிளக்கும் சாக்கெட்டும் கிடைக்கிறது. அதில் ஒரு முனை எர்த்துக்கென்றே இருக்கிறது. பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிற முறையில் அந்த முனைக்கு 31 என்று நம்பர் போட்டிருக்கும், வெள்ளை ஒயர் வரும். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், கறுப்பும் பழுப்பும் இடது வலது பார்க்கிங் விளக்குகள். ஆனால் நம் ஊர்ப் பழைய வண்டியில் கலரை நம்பி வேலை செய்ய முடியாது. எனக்கு முன்னால் கை வைத்தவர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார். டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் இணைக்க வேண்டும்.

ஒவ்வொரு விளக்கின் ஹோல்டரிலிருந்தும் ஓர் எர்த்து ஒயர் எடுங்கள். எல்லாவற்றையும் ஓர் இடத்தில் சேருங்கள். அங்கிருந்து ஒரே தடித்த ஒயராக முன்னால் பிளக்குக்குக் கொண்டு வாருங்கள். எல்லா விளக்கின் மின்சாரமும் அந்த ஒன்றின் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதனால் மற்ற ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் இது 2.5 இருக்கட்டும். அந்தச் சேர்க்கும் இடத்திலேயே டிரெய்லர் சட்டத்துக்கும் ஒரு துண்டு ஒயரைப் பிடித்து வையுங்கள். சட்டத்தில் பிடிக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். ஒயர் நுனிக்கு வளையம் வைத்த லக்கு அடித்து, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்குங்கள். அந்த வாஷரின் பல் இரும்பில் குத்திப் பிடித்துக்கொள்ளும், அதிர்ச்சிக்குத் தளராது. இறுக்கிய பிறகு மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் வாசலினோ கிரீஸோ தடவிவிடுங்கள். இறுக்குவதற்கு முன்னால் பெயிண்ட் அடிப்பதுதான் தப்பு.

பழவேற்காடு, காட்டூர்ப் பக்கம் இருக்கிற விவசாயிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை. ஒயருக்குள்ளே இருக்கிற செம்பையும் பச்சையாக்கிவிடுகிறது. தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்துப் போயிருக்கும். அந்த ஒயரைக் கறுப்பு போகிற இடம்வரை வெட்டித் தள்ள வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஒயரை இணைக்கிற இடத்தில் ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயை மேலே போடுங்கள். அது கிடைக்காவிட்டால், இணைப்பையே மழைத் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து வைத்து, டேப்பை இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கிச் சுற்றுங்கள்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். பிரேக் விளக்கு இரண்டும் சேர்ந்து 42 வாட். 12 வோல்ட்டில் அது மூன்றரை ஆம்பியர். பேட்டரியிலிருந்து பின் விளக்குக்குப் போக 7 மீட்டர், வர 7 மீட்டர், ஆக 14 மீட்டர் ஒயர். இதற்கு அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரைப் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் தின்றுவிடும். 2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இழை பல்புக்கு வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான். விலை வித்தியாசம் ஒரு மூட்டை உரத்தில் ஒரு மூலைக்கும் ஆகாது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயரையும் போடாதீர்கள், வண்டி அதிர்ச்சியில் உள்ளேயே முறிந்துவிடும். பல இழை முறுக்கிய செம்பு ஒயர்தான் வண்டிக்கு ஆகும்.

ஒயரைச் சட்டத்தின் உள்பக்கமாக, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். இரும்பில் துளை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் வைக்காவிட்டால் அந்த விளிம்பே கத்தியாகி ஒயரை அறுத்துவிடும். டிப்பர் டிரெய்லராக இருந்தால் தொட்டி தூக்கும்போது ஒயர் நசுங்காத இடமாகப் பாருங்கள். பின் கதவைத் திறந்து கீழே விட்டால் விளக்குமேல் விழுகிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த உடைந்த விளக்குகளில் பாதி, கதவு விழுந்து உடைந்ததுதான். முன்னால் பிளக் கேபிளுக்குக் கொஞ்சம் நீளம் விடுங்கள். டிராக்டரை இடது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு தடவை, வலது பக்கம் ஒடித்து ஒரு தடவை பாருங்கள். இழுபடவும் கூடாது, தரையில் புரளவும் கூடாது.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கிங், பிரேக், ஒரு பக்க இண்டிகேட்டர், நம்பர் விளக்கு எல்லாம் சேர்ந்து 80 வாட்டுக்குள்தான் வரும். ஆறரை, ஏழு ஆம்பியர். டிரெய்லருக்கு 10 ஆம்பியர் பியூஸ் தாராளம். அது போய்விட்டால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐயா, நீங்கள் ஏற்றிக்கொண்டு போவது வைக்கோல். எங்காவது ஒயர் உரசி ஷார்ட் ஆனால் பியூஸ் போகாது, ஒயர் பழுத்துவிடும். அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின் விளக்கோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் வைக்கிற மார்க்கர் விளக்கை நம்மவர்கள் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கல்யாண வண்டி மாதிரி கலர் கலராக மாட்டுகிறவர்களும் உண்டு. அது எதற்கு என்றால், நெடுஞ்சாலையில் நடுச்சுவர் விட்ட இடைவெளியில் நாம் வண்டியைத் திருப்புகிறோம் அல்லவா, அந்த நேரத்துக்கு. டிராக்டர் அந்தப் பக்கம் போய்விட்டது, டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கிறது. வருகிறவனுக்குப் பின் விளக்கும் தெரியாது, முன் விளக்கும் தெரியாது. கறுப்புச் சுவர் ஒன்றுதான் தெரியும், அதுவும் கிட்டே வந்த பிறகு. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற லாரி ஒரு நொடிக்குப் பதினாறரை மீட்டர் ஓடுகிறது. டிம் லைட்டில் அவனுக்கு 40, 50 மீட்டர் தெரிந்தால் அதிகம். மூன்று நொடி. பாரம் ஏற்றிய லாரியை மூன்று நொடியில் நிறுத்திவிட முடியுமா? ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் நிற மார்க்கர் இரண்டு, முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக இருந்தால், இது நீளமான வண்டி, குறுக்கே நிற்கிறது என்று தூரத்திலேயே புரிந்துவிடும். நிறம் முக்கியம். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பின்னால் நீலமும் பச்சையும் மாட்டினால் வருகிறவன் குழம்பிப் போவான்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் காட்டுகிற சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது நொடிக்கு மேல் ஆகும். மூன்று நொடி எங்கே, ஒன்பது நொடி எங்கே!

இப்போதெல்லாம் மார்க்கர் விளக்கு என்றால் எல்.இ.டி. தான் கிடைக்கிறது. நல்லதுதான். மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும், இழை கிடையாது, அதிர்ச்சியில் அறுந்து போகாது. ஆனால் எல்.இ.டி. விளக்குக்குத் திசை உண்டு. பழைய பல்பில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டாலும் எரியும். எல்.இ.டி.யில் மாற்றிப் போட்டால் எரியாது. கெட்டுப்போன விளக்கைக் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒயரை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். சில விளக்கில் இரண்டு ஒயரும் வெளியே வரும், சிலதில் ஒரே ஒயர்தான் வரும், விளக்கின் இரும்புத் தகடே எர்த்து. இரண்டு ஒயர் வருகிறதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் கூடுள்ள விளக்கைப் போல்ட் போட்டால் எர்த்து வந்துவிடாது, எர்த்து ஒயரைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, இண்டிகேட்டருக்கும் எல்.இ.டி. போட்டால் பழைய பிளாஷர் டக் டக் டக்கென்று வேகமாக அடிக்கும், அல்லது அடிக்காமலே நிற்கும். அதற்கென்று இருக்கிற பிளாஷரை மாற்றினால் சரியாகிவிடும்.

வெல்டிங் வைக்கிறவர்கள் கவனத்துக்கு: டிரெய்லர் சட்டத்தில் விரிசல் கண்டு பட்டறைக்குக் கொண்டுபோனால், வெல்டிங் தொடங்குவதற்கு முன்னால் விளக்குப் பிளக்கை உருவிவிடுங்கள். முடிந்தால் டிராக்டரையும் கழற்றி நகர்த்திவிடுங்கள். நீங்கள் பாடுபட்டுப் போட்ட எர்த்து ஒயர் வழியாகவே வெல்டிங் மின்சாரம் புகுந்து ஒயரைக் கருக்கிவிடும், ஆல்டர்னேட்டரையும் கெடுத்துவிடும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு செய்ய வேண்டிய சோதனையைத்தான் நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டேன். டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, கொக்கிப் பின்னைக் கழற்றி, டிராக்டரை அரை அடி முன்னால் நகர்த்துங்கள். டிப்பராக இருந்தால் ஹைட்ராலிக் ஓஸையும் கழற்றிவிடுங்கள், அதற்குள்ளே இரும்புப் பின்னல் இருக்கிறது, அதுவும் எர்த்து கொடுத்து ஏமாற்றும். இப்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பிளக் கேபிள் ஒன்றுதான் தொடர்பு. இருட்டின பிறகு பார்க்கிங் விளக்கைப் போடுங்கள். பையனைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். சிவப்பு இன்னும் பிரகாசமாக வேண்டும். அப்படியே இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். ஒன்றைப் போட்டால் இன்னொன்று அசையக் கூடாது. பிரேக்கை மிதிக்காமல் செய்கிற சோதனை சோதனையே இல்லை. எர்த்தே இல்லாத டிரெய்லரும் மிதிக்காதவரைக்கும் நன்றாகத்தான் எரியும் என்பதைச் சொன்னேன்.

பார்க்கும்போதே 50 அடி பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். வைக்கோலும் கரும்புத் தோகையும் பின்னால் தொங்கி விளக்கை மூடிக்கொண்டிருக்கும். அந்த விளக்கு எரிந்தும் ஒன்றுதான், எரியாமலும் ஒன்றுதான். தோகையை இழுத்துக் கட்டுங்கள், சேறு அப்பியிருந்தால் துடையுங்கள்.

சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டும், பின் கதவு நெடுக ஒட்டுகிற பளபளக்கும் டேப்பும் ஒயரில்லாமல் வேலை செய்பவை. பாரத்தோடு டிரெய்லரைச் சாலையோரம் கழற்றி விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் எடுத்துக்கொண்டு டீசல் போடப் போகிறோமே, அப்போது விளக்குக்கு மின்சாரம் ஏது? ரிஃப்ளெக்டர்தான் காவல். அதையும் விளக்கு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

என் மாமன் மகன் இப்போது நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து. டிராக்டரும் ஓட்டுகிறான். அந்த டிரெய்லருக்கு வெள்ளை எர்த்து ஒயர் ஒன்றை முன்னாலிருந்து பின்னால்வரை இழுத்துக் கட்டியிருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, சொர்ணவாரி அறுப்புக்கு முன்னால் ஒன்று, சம்பா அறுப்புக்கு முன்னால் ஒன்று, அவன் வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்துவான். நான் போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, மறுபடி இறுக்கிக் கொடுப்பேன். அப்புறம் அவன் என்னை நம்பாமல், என்னைப் பின்னால் நிற்க வைத்து, தானே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, “மச்சான், எரியுதா?” என்று மூன்று தடவை கேட்பான். மூன்று தடவையும் பதில் சொல்வேன்.